குட்டையாக்கிய ரிவால்வர் குழலில் முன் சைட்டை எப்படி உட்கார வைப்பது?

ரிவால்வரின் குழலைக் குட்டையாக்கும்போது, குறிபார்க்க நுனியில் நிற்கும் முன் சைட்டும் வெட்டிய துண்டோடு போய்விடுகிறது. அதே சைட்டையோ புதிதாகச் செய்த ஒன்றையோ புதிய நுனியில் பொருத்த ஆறேழு வழிகள் உண்டு. எப்பாக்சியால் ஒட்டலாம், திருகு போடலாம், புறாவால் காடி (அடியில் அகன்று வாயில் குறுகிய காடி) வெட்டிச் செருகலாம், குறைந்த சூட்டில் உருகும் உலோகப் பற்றான மென்பற்று வைக்கலாம், அதிகச் சூட்டில் உருகும் வன்பற்று வைக்கலாம், நீளக் காடி வெட்டி முளை அடிக்கலாம், வளையம் மாட்டலாம். எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் எந்தப் பற்று வலுவானது என்பதில்தான் தொடங்குகிறார்கள். நான் வேறு இரண்டு கேள்விகளில் தொடங்குவேன். சைட்டின் அடிப்பாகம் எவ்வளவு அகலம்? பற்ற வைக்கும் இடத்திலிருந்து துப்பாக்கியின் சட்டம், அதாவது குழலும் சிலிண்டரும் பொருந்தியிருக்கும் உடற்பகுதி, எவ்வளவு தூரம்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் பாதி வழிகள் தாமாகவே விலகிவிடும்.

அதற்கு முன் ஒன்று. குழலை வெட்டுவதும் துப்பாக்கியின் முக்கிய பாகங்களில் வேலை செய்வதும் பல நாடுகளில் உரிமமோ முன் அனுமதியோ இல்லாமல் செய்யக்கூடாத காரியம். அதை முடித்துவிட்டுத்தான் அரத்தைக் கையில் எடுக்க வேண்டும். குழலிலோ சட்டத்திலோ இருக்கும் எண்களும் முத்திரைகளும் அப்படியே இருக்க வேண்டும். சிலிண்டரைக் கழற்றித் தனியாக வைத்து, குழலுக்குள் வெளிச்சம் பார்த்த பிறகே வேலை.

நான் இதைப் பற்றி இவ்வளவு யோசிக்கக் காரணம், சுடுதளத்தில் பார்த்த ஒரு சைட். நண்பர் ஒருவரின் ரிவால்வர், குழலைக் குட்டையாக்கிப் பட்டறையிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நூறு குண்டுக்கு மேல் சுட்டாயிற்று, ஒன்றும் ஆகவில்லை. உறையிலிருந்து எடுத்து மேசைமேல் வைக்கும்போது நுனி மர விளிம்பில் பக்கவாட்டில் லேசாக இடித்தது. டக் என்று ஒரு சத்தம். சைட் மேசைமேல் கிடந்தது. எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் ஒரு நூல் அகலத்துக்கு மட்டும் பற்று பளபளவென்று பிடித்திருந்தது. இரண்டு ஓரமும் கறுப்பு. அங்கே பற்று ஓடவே இல்லை.

அந்தக் கறுப்பு ஓரங்களில்தான் முழு விஷயமும் இருக்கிறது. குழல் உருண்டை, சைட்டின் அடி தட்டை. நுனியில் 17 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழல்மேல் 3 மில்லிமீட்டர் அகலமான தட்டையான அடியை வைத்தால், நடுவில் தொடும், ஓரங்களில் 0.13 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும். அடியின் அகலம் 8 மில்லிமீட்டர் என்றால் ஓர இடைவெளி 1 மில்லிமீட்டர். பற்று தானாக உறிஞ்சப்பட்டு உள்ளே ஓட வேண்டுமானால் இடைவெளி 0.05 முதல் 0.12 மில்லிமீட்டருக்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் பற்று ஓடாமல் திட்டுத் திட்டாக நிற்கும். ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், அடிப்பாகத்தைக் குழலின் வளைவுக்குக் குடைந்தெடுப்பதுதான் முதல் வேலை.

இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. சைட் உட்காரப் போகும் அதே இடத்தில் குழலின்மேல் உப்புத்தாளைச் சுற்றி, அடிப்பாகத்தை அதன்மேல் முன்னும் பின்னும் தேய்த்தால் குழலின் வளைவு அடியில் இறங்கும். அதே இடத்தில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பல குழல்கள் நுனியை நோக்கிச் சற்றே கூம்பிப் போகும். இரண்டு விரல்கடை தள்ளித் தேய்த்தால் வளைவு மாறிவிடும். கடைசியில் உப்புத்தாளை எடுத்துவிட்டு, குழலில் விளக்குக் கரியை மெல்லப் பூசி, சைட்டை வைத்து அழுத்தி எடுத்துப் பாருங்கள். அடி முழுக்கக் கரி ஒட்டியிருந்தால் சரி. நடுவில் மட்டும் ஒட்டினால் இன்னும் தேய்க்க வேண்டும். ஒரு மணி நேரம் பிடிக்கும். சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தாண்டிக் குதித்தவர்களின் சைட்தான் மேசைமேல் விழுகிறது.

சைட் எந்த விசையால் பெயர்கிறது?

சுடும்போது வரும் உதைதான் சைட்டைப் பெயர்க்கிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஒரு கிலோ எடையுள்ள ரிவால்வர், 10 கிராம் குண்டு, வினாடிக்கு 400 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். குண்டு குழலுக்குள் இருக்கும் அரை மில்லி வினாடிக்குள் துப்பாக்கி வினாடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர் வேகம் எடுக்கிறது. இது புவியீர்ப்பைப்போல் 800 மடங்கு முடுக்கம். கேட்க மிரட்டலாக இருந்தாலும் சைட்டின் எடை 3 கிராம்தான். அதன்மேல் விழும் விசை சுமார் 24 நியூட்டன், அதாவது இரண்டரைக் கிலோவைத் தூக்கும் விசை. பெரிய மேக்னம் தோட்டா என்றால் நான்கு கிலோ. 20 மில்லிமீட்டர் நீளம், 5 மில்லிமீட்டர் அகலமுள்ள அடி முழுக்கப் பற்று பிடித்திருந்தால், சாதாரண மென்பற்றே இதைப்போல் பல மடங்கு தாங்கும். எப்பாக்சிகூட புதிதாக இருக்கும்போது தாங்கும்.

பக்கவாட்டு இடி வேறு கதை. சைட்டின் உச்சி குழலிலிருந்து 6 மில்லிமீட்டர் உயரம் என்று வைத்தால், உச்சியில் விழும் இடி அடியின் ஓரத்தை நெம்புகோல்போலக் கிளப்புகிறது. அந்த நெம்பலைத் தாங்கும் திறன் அடியின் நீளத்தோடு நேராக உயரும், அகலத்தோடு வர்க்கமாக உயரும். மென்பற்றின் வலிமையைச் சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் என்று குறைவாகவே வைப்போம். 10 மில்லிமீட்டர் நீளம், 3 மில்லிமீட்டர் அகலமுள்ள மெல்லிய தகட்டை நேராகக் குழல்மேல் பற்ற வைத்தால், பக்கவாட்டில் 75 நியூட்டன் போதும், ஓரம் பிளந்துவிடும். ஏழரைக் கிலோ விசை. கை தவறிக் கீழே போட்டால் அதைவிட அதிகமாக விழும். 20 மில்லிமீட்டர் நீளம், 8 மில்லிமீட்டர் அகலமுள்ள அடியோடு கூடிய சைட்டுக்கு அதே கணக்கு 1000 நியூட்டனைத் தாண்டுகிறது. பற்று ஒன்றுதான், அடியின் நீளமும் அகலமும்தான் மாறின, அதில் பெரும்பங்கு அகலத்துடையது. பற்றை மாற்றிக் கிடைக்கும் வலிமையை அடியின் அகலத்தை மாற்றியே பெற்றுவிடலாம், அதுவும் குழலுக்குக் கூடுதலாக ஒரு டிகிரி சூடுகூட ஏற்றாமல்.

பழைய கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி ரிவால்வரின் முன் சைட்டைப் பாருங்கள். 1873-இல் வந்த வடிவம். பார்க்க வெறும் மெல்லிய தகடுதான், அகலமான அடி கிடையாது. ஆனால் தகட்டின் அடி குழலின் மேற்புறத்தில் வெட்டிய காடிக்குள் இறங்கிப் பிடித்திருக்கிறது. பக்கவாட்டு இடியைக் காடியின் சுவர்கள் வாங்கிக்கொள்கின்றன, பற்றுக்கு அது மேலே எழும்பாமல் பிடிக்கும் வேலை மட்டுமே. மெல்லிய தகட்டு சைட் வைக்க ஆசைப்படுகிறவர்கள் அந்தக் காடியையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மென்பற்றா, வன்பற்றா?

பெரும்பாலான வாக்குவாதம் இங்கேதான் நடக்கிறது. குழப்பத்துக்குப் பாதிக் காரணம் பெயர். கடையில் சில்வர் சோல்டர் என்று கேட்டால் இரண்டு வெவ்வேறு சாமான் கிடைக்கும். ஒன்று, வெள்ளீயத்தில் நான்கு சதவீதம் போல வெள்ளி கலந்தது. 221 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். இது மென்பற்று. இன்னொன்றில் வெள்ளி 45, 56 சதவீதம் வரை இருக்கும், கூடவே செம்பும் துத்தநாகமும். 56 சதவீத வகை 618 டிகிரியில் இளகத் தொடங்கி 652 டிகிரியில் முழுக்க ஓடும். இது வன்பற்று. இரண்டுக்கும் நடுவே 400 டிகிரிக்கு மேல் வித்தியாசம். ஒருவர் சொன்ன அனுபவத்தை இன்னொருவர் தவறான கம்பியில் செய்து பார்த்துத் துப்பாக்கியைக் கெடுத்துக்கொள்வது இப்படித்தான். வாங்கும்போது பெயரை விட்டுவிட்டு, உருகும் வெப்பநிலை எவ்வளவு என்று அட்டையில் பாருங்கள்.

வலிமை மட்டும் பார்த்தால் வன்பற்றுக்கு ஈடில்லை. இடைவெளி சரியாக இருக்கும் எஃகு இணைப்பில் அது மென்பற்றைப்போல் பல மடங்கு பிடிக்கும். குழலே வளைந்தாலும் சைட் பெயராது. அப்புறம் ஏன் நான் தயங்குகிறேன் என்றால், விலையை வெப்பத்தில் கட்ட வேண்டியிருக்கிறது.

650 டிகிரியில் எஃகு மங்கிய சிவப்பாகத் தெரியும். குரோமியம்–மாலிப்டினம் எஃகுக் குழல்களைக் கடினப்படுத்திய பிறகு பதப்படுத்தும் வெப்பநிலையை இது எட்டிவிடலாம், தாண்டியும் விடலாம். நுனி மட்டும் என்றால் பெரிய ஆபத்தில்லை, குண்டு நுனிக்கு வரும்போது அழுத்தம் வெகுவாகக் குறைந்திருக்கும். ஆனால் குட்டையாக்கிய குழலில் நுனிக்குப் பக்கத்திலேயே சட்டம் இருக்கிறது. ஏழரை அங்குலக் குழலில் நுனியைச் சிவக்க வைத்தால் சட்டம் வரை வெப்பம் போவதற்குள் வேலை முடிந்துவிடும். இரண்டங்குலக் குழலில் அந்த நிதானம் கிடைக்காது. தோட்டாவின் விசையைத் தாங்கும் பாகங்களில் சட்டமும் ஒன்று, அதன் பதம் கெட்டால் வெளியே பார்த்து யாருக்கும் தெரியாது. குழலைச் சட்டத்திலிருந்து கழற்றிவிட்டுச் செய்யலாமே என்றால், செய்யலாம். அதற்கு அந்த மாடலுக்கென்றே செய்த பிடிகளும் சட்டக் குறடும் வேண்டும். சட்டத்தின் ஜன்னலுக்குள் சுத்தியல் கட்டையை நுழைத்துத் திருகினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். அதைச் சரிசெய்வதற்கு சைட்டை மறுபடி செய்வது எவ்வளவோ மேல்.

இரண்டாவது விலை, குழலின் உட்புறம். அந்தச் சூட்டில் திறந்த எஃகின்மேல் ஆக்சைடுச் செதில் படியும். குண்டைச் சுழல வைக்கும் சுருள்வரிகளின் விளிம்பில், அதுவும் குண்டு கடைசியாகத் தொடும் நுனியில், செதில் படிந்தால் குறி சிதறும். செதில் தடுக்கும் பசையைக் குழலுக்குள் பூசியே சூடேற்ற வேண்டும். வெட்டிய நுனியின் முகப்பைச் சீர்செய்யும் கடைசிக் கட்டத்தைப் பற்ற வைத்த பிறகு வைத்துக்கொள்வதும் நல்லது.

மூன்றாவது, இளக்கி, அதாவது சூட்டில் உலோகப் பரப்பைச் சுத்தமாக வைத்துப் பற்றை ஓட வைக்கும் பொருள். பொற்கொல்லர் பழக்கத்தில் வெங்காரத்தைக் கையிலெடுப்பவர்கள் உண்டு. வெங்காரம் 743 டிகிரியில்தான் உருகும். பற்று 650-லேயே ஓடிவிடும் இடத்தில் வெங்காரத்துக்காக இன்னும் நூறு டிகிரி ஏற்றுவது வீண். குறைந்த வெப்ப வன்பற்றுக்கென்று புளூரைடு கலந்த வெள்ளைப் பசை இளக்கி இருக்கிறது, அதைத்தான் பயன்படுத்த வேண்டும். பழைய வன்பற்றுக் கம்பிகள் சிலவற்றில் காட்மியம் இருக்கும். அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும் விஷம். அட்டையில் காட்மியம் என்று இருந்தால் அந்தக் கம்பியைத் தொட வேண்டாம், அது இல்லாத வகைகள் தாராளமாகக் கிடைக்கின்றன.

மென்பற்றுக்கு வருவோம். 221 டிகிரி என்பது எஃகின் பதத்தை ஒன்றும் செய்யாத சூடு. தேய்த்துப் பளபளப்பாக்கிய எஃகைச் சூடாக்கினால் ஏறத்தாழ 220, 230 டிகிரியில் வைக்கோல் நிறம் மெல்லப் படரும், 300-ஐ நெருங்கும்போது நீலமாகும். சைட்டின் பக்கத்தில் குழல் இளமஞ்சளாக மாறத் தொடங்கும் அதே நேரத்தில் அடி ஓரம் முழுக்க ஒரு மெல்லிய வெள்ளிக் கோடு திடீரென்று மின்னும். பற்று ஓடிவிட்டது. நெருப்பை எடுத்துவிடலாம். நீலம் வரும்வரை காட்டிக்கொண்டிருந்தால் இளக்கி கருகி, பிடித்த பற்றும் கெடும். மங்கிய சிவப்பைக் கண்ணால் அளப்பதைவிட இந்த வெள்ளிக் கோட்டைப் பார்ப்பது எவ்வளவோ சுலபம். பழக்கமில்லாத கைக்கு மென்பற்றே ஏற்றது என்று நான் சொல்வதற்கு இது பெரிய காரணம்.

முறையும் எளிது. இரண்டு பரப்பையும் உலோகம் தெரியத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, அதன்பின் விரல் படாமல் வைத்திருக்க வேண்டும். இளக்கி தடவி, இரண்டிலும் தனித்தனியாக மெல்லிய பற்றுப் பூச்சு கொடுக்க வேண்டும். பூச்சு எங்காவது ஓடாமல் ஒதுங்கினால் அங்கே அழுக்கு இருக்கிறது என்று பொருள், அங்கேயே மறுபடி தேய்க்கலாம். வன்பற்றில் இந்த வசதி இல்லை, முடிந்த பிறகுதான் தெரியும். பூச்சுக் கொடுத்த சைட்டைக் குழல்மேல் இறுக்கிப் பிடித்து, மெல்லச் சூடாக்கினால் இரண்டு பூச்சும் ஒன்றாகிவிடும். சைட்டைச் சுற்றிக் குழலில் மென்மையான பென்சிலால் அழுத்திக் கோடு போட்டுவிட்டால் பற்று அந்தக் கோட்டைத் தாண்டி வழியாது. நெருப்பைச் சைட்டின்மேல் நேராகக் காட்டாமல் குழலின் அடிப்பக்கத்திலிருந்து காட்டுங்கள். கனமான குழல் சூடானால் மெல்லிய சைட் தானாகச் சூடாகும்; சைட்டை முதலில் சூடாக்கினால் பற்று அதன்மேல் ஏறிக்கொண்டு குழலைத் தொடாது. துத்தநாகக் குளோரைடு கலந்த அமில இளக்கி பயன்படுத்தினால் முடிந்ததும் சமையல் சோடாத் தண்ணீரில் நன்றாகக் கழுவி எண்ணெய் போட வேண்டும். விட்டால் மறுநாளே துரு பூக்கும்.

துருப்பிடிக்காத எஃகு என்றால் அதன்மேல் இருக்கும் குரோமியம் ஆக்சைடுத் தோலை உடைக்கச் சாதாரண இளக்கியால் முடியாது, அந்த எஃகுக்கென்று விற்கும் வலுவான அமில இளக்கி வேண்டும். துருப்பிடிக்காத எஃகில் மென்பற்று பிடிக்கவே பிடிக்காது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த இளக்கியை மாற்றாமல் முயன்றவர்கள்.

மென்பற்றின் குறை ஒன்றையும் மறைக்கக் கூடாது. எஃகு துருப்பிடிக்காமல் இருக்கக் கொடுக்கும் கருநீல நிறப் பூச்சான நீலப்பூச்சோடு அது ஒத்துப்போவதில்லை. கொதிக்கும் காரக் கரைசலில் முக்கி எடுக்கும் நீலப்பூச்சு மென்பற்றை அரித்துவிடும். இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கிகளை அந்தக் கரைசலில் முக்காமல், துருவேற்றிக் கொதிநீரில் கறுக்க வைக்கும் பழைய முறையில் நீலமிடுவது இதனால்தான். குழல் இரண்டையும் பிடித்திருப்பது பெரும்பாலும் மென்பற்று. குட்டையாக்கிய ரிவால்வருக்கும் அந்தத் துருமுறை நீலமே பொருத்தம். எந்த முறையானாலும் பற்றின்மேல் நீலம் ஏறாது, ஆகவே வழிந்த பற்றைக் கூரான பித்தளைத் துண்டால் சுரண்டி எடுத்துவிட்டே பூச்சுக்குப் போக வேண்டும். கார நீலப்பூச்சுத்தான் வேண்டும் என்று முடிவாக இருந்தால் வன்பற்றுக்குப் போவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நெருப்பில்லாத வழிகள்

எப்பாக்சியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். சாதாரண எப்பாக்சி 100 டிகிரியை நெருங்கும்போது வலுவிழக்கும். தொடர்ந்து சுட்டால் சூடாகும் குழல், துப்பாக்கி துடைக்கும் கரைப்பான்கள், எண்ணெய், உதை எல்லாம் சேர்ந்து ஓரத்திலிருந்து தின்னும். சைட்டின் உயரம் சரிதானா என்று இரண்டு நாள் சோதித்துப் பார்க்க நல்லது. நிரந்தரத்துக்கு ஆகாது.

திருகு பார்க்க நம்பிக்கையாகத் தெரியும், ஆனால் குழல் சுவர் இடம் கொடுக்க வேண்டும். 11.5 மில்லிமீட்டர் உட்துளையும் 17 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் உள்ள குழலில் சுவர் 2.75 மில்லிமீட்டர்தான். உட்துளையைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டராவது விட வேண்டும். துளைக்கும் அலகின் நுனி கூம்பாக இருப்பதால் அடிவரை மரை வராது. துப்பாக்கி வேலையில் வழக்கமாகப் பயன்படும் 6–48 திருகின் மரைக்கு மரை இடைவெளி 0.53 மில்லிமீட்டர். கூட்டிக் கழித்தால் பிடிப்பதற்கு மூன்று மரைகூட மிஞ்சாது. அகலமான அடியில் முன்னொன்று பின்னொன்று இரண்டு திருகு போட்டு, அடியில் மென்பற்றும் வைத்தால் திருகு ஒரு காவலாக நிற்கும். திருகை மட்டும் நம்பினால் ஒவ்வொரு உதையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். தடித்த குழல் உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும், அவர்கள் தங்கள் சுவரை அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

புறாவால் காடி, இடது வலதாகத் தட்டிச் சரிசெய்ய முடியும் என்பதால் பலருக்குப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும், தடித்த குழலில். காடி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் ஆழம் கேட்கிறது. மேலே சொன்ன 2.75 மில்லிமீட்டர் சுவரில் அதை வெட்டினால் உட்துளைக்கு மேல் முக்கால் மில்லிமீட்டர்தான் மிஞ்சும். குழலைக் குட்டையாக்கியதால் நுனியில் அழுத்தம் முன்பைவிடக் கூடியிருக்கும் என்பதையும் சேர்த்து யோசித்தால், மெல்லிய குழலில் இதைச் செய்யவே கூடாது.

வளையம் என்பது சைட்டோடு சேர்ந்த ஒரு மோதிரம். குழலின் நுனியில் மாட்டி மென்பற்று வைப்பார்கள். குழலையே சுற்றிப் பிடிப்பதால் பக்கவாட்டு இடி ஒன்றும் செய்யாது. வலிமையில் இதற்கு மேல் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. நுனி தடித்துப்போவதால் பழைய உறை சேராது, குழலின் கீழே, சுட்ட தோட்டாக் கூடுகளைத் தள்ளி வெளியேற்றும் எஜெக்டர் குழாய் நுனிவரை வரும் மாடல்களில் வளையத்துக்கு இடமே இருக்காது. சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியின் 4¾ அங்குலக் குழல் அப்படித்தான், எஜெக்டர் குழாயின் முனையோடு குழலும் முடிந்துவிடும்.

கடைசியாக முளை. இதைத் தனி வழியாகப் பார்ப்பதைவிட மற்ற வழிக்குத் துணையாகப் பார்க்கிறேன். குழலின் மேற்புறத்தில் 2 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குருட்டுத் துளை போட்டு, சைட்டின் அடியிலும் அதற்கு நேராக ஒரு துளை போட்டு, சிறு எஃகு முளையை நடுவில் வைத்தால் இரண்டு நன்மை. உதையில் வரும் முன்தள்ளலை முளை வாங்கிக்கொள்ளும். அதைவிட முக்கியமாக, பற்று உருகும் அந்த வினாடியில் சைட் நழுவாது. மென்பற்று உருகியதும் சைட் வழுக்கும் சோப்புக் கட்டிபோல நகரும். பிடிப்பான் சூட்டில் விரிந்து கொஞ்சம் தளர்ந்தாலே போதும், சைட் ஒரு பக்கம் சாய்ந்தபடி உறைந்துவிடும். சட்டத்தின் மேற்புறத்தில் நீர்மட்டக் குமிழை வைத்துப் பார்த்து, சைட் நேராக நிற்கும் இடத்தில் துளையைக் குறித்துவிட்டால் அந்தக் கவலை பெருமளவு தீரும்.

என் தேர்வு இப்படி. அகலமான அடியுள்ள சைட், சாதாரண எஃகுக் குழல், குழல் நான்கு அங்குலமோ அதற்குக் குறைவோ: வளைவுக்குக் குடைந்த அடி, ஒரு முளை, வெள்ளீயம்–வெள்ளி மென்பற்று. மெல்லிய தகட்டு சைட் என்றால்: தகட்டின் அகலத்துக்கு இறுக்கமாக, முக்கால் முதல் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு நீளக் காடி, அதற்குள் அதே மென்பற்று. நீளமான குழல், கழற்றத் தெரிந்த கை, கார நீலப்பூச்சு இந்த மூன்றும் சேரும்போது மட்டும் வன்பற்று. அந்த மாடலுக்கே குட்டைக் குழலைத் தயாரிப்பாளர் தனியாக விற்கிறார் என்றால், அதை வாங்கி மாட்டுவது இவை எல்லாவற்றையும்விட மேல். சைட்டும் குழலும் ஒன்றாகவே வரும், பழைய குழலும் முழுசாக மிஞ்சும்.

எந்த வழியில் பொருத்தினாலும் சைட்டைத் தேவையைவிட ஒன்றரை மில்லிமீட்டராவது உயரமாகவே வையுங்கள். முன் சைட் உயரமாக இருந்தால் குண்டு கீழே விழும், அரத்தால் தேய்த்து ஏற்றலாம். குட்டையாக வைத்துவிட்டால் கூட்ட முடியாது, மறுபடி முதலிலிருந்து நெருப்பு. எவ்வளவு தேய்ப்பது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. குறி தவறிய அளவை இரண்டு சைட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும். 25 மீட்டரில் 50 மில்லிமீட்டர் கீழே படுகிறது, சைட்டுகளுக்கு நடுவே 150 மில்லிமீட்டர் என்றால், தேய்க்க வேண்டியது 0.3 மில்லிமீட்டர். குழல் குட்டையானதால் இந்த 150 முன்பைவிடக் குறைந்திருக்கும், அரத்தின் ஒவ்வொரு இழுப்பும் இலக்கில் முன்பைவிடப் பெரிதாகத் தெரியும். வழக்கமாகச் சுடும் தோட்டாவையே வைத்து ஐந்து குண்டு சுட்டுப் பார்த்து, கணக்கில் பாதியைத் தேய்த்து, மறுபடி ஐந்து சுடுங்கள். கனமான, மெதுவான குண்டு குழலுக்குள் அதிக நேரம் இருப்பதால் ரிவால்வரில் பெரும்பாலும் மேலே படும், ஆகவே தோட்டாவை மாற்றி மாற்றித் தேய்க்கக் கூடாது.

முதல் ஐம்பது குண்டுக்குப் பிறகு உருப்பெருக்கி வைத்து அடி ஓரத்தை ஒரு சுற்றுப் பாருங்கள். ஒரு துளி மெல்லிய எண்ணெய் விட்டுத் துடைத்துவிட்டு, சைட்டை விரலால் பக்கவாட்டில் அழுத்துங்கள். எங்காவது பிளவு இருந்தால் அங்கே எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும்.